புறாவின் தொண்டையில் நின்ற வார்த்தை

அந்தக் காலத்தில் புறாவுக்கு ஊர் கிடையாது.

மனிதருக்கும் பறவைக்கும் ஒரே பேச்சு இருந்த காலம் அது. காகத்திடம் வழி கேட்கலாம், குருவியோடு சண்டை போடலாம். எந்தப் பறவையை நிறுத்தி "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டாலும் அது ஓர் இடத்தைக் காட்டும். காகம் தன் பனையைக் காட்டும். நாரை தன் குளத்தைக் காட்டும். சிட்டுக்குருவிகூடக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இத்தனூண்டு இடுக்கைக் காட்டி, என்னவோ அரண்மனை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும். புறாவிடம் கேட்டால் மட்டும் அது தன் காலுக்குக் கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, "இப்போதைக்கு இதுதான்" என்று சொல்லும்.

பொழுது எங்கே சாய்கிறதோ அங்கே தங்கும். இரண்டு குச்சியைக் குறுக்கே போட்டு அதன்மேல் முட்டையிடும். குஞ்சு பறந்ததும் அந்தக் குச்சியைத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிடும். சிறகு மட்டும் அதற்கு நல்ல சிறகு. மற்றப் பறவைகள் பாதியில் மூச்சு வாங்கும் தூரத்தை அது பாட்டுக்குக் கடந்து போகும். ஆனால் போன வழியே திரும்பி வந்த புறாவை யாரும் பார்த்ததில்லை. அதைப் பெரிய குற்றமென்று நான் சொல்ல மாட்டேன். காத்திருக்க ஆளில்லாதவர்கள் எதற்காகத் திரும்பி வர வேண்டும்?

அந்த நாளில் தெற்குக் கடலோரம் சங்கு குளிக்கிறவர்களின் ஊர் ஒன்று இருந்தது. பருவம் பிறந்ததும் ஆண்கள் தோணியேறி, கடலுக்குள் வெகுதொலைவில் இருக்கும் ஒரு தீவுக்குப் போவார்கள். அங்கேயே குடிசை போட்டுத் தங்கி, நீரில் முங்கிச் சங்கெடுப்பார்கள். காற்று மாறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். மாறிவிட்டால் அடுத்த பருவம்வரை கடலில் தோணி இறக்க முடியாது.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. போகிறவர் வாசலில் நின்று "போயிட்டு வாரேன்" என்று சொல்ல வேண்டும். வீட்டிலிருப்பவர் "போயிட்டு வா" என்று பதில் சொல்ல வேண்டும். வெறும் "போறேன்" கிடையாது, வெறும் "போ"வும் கிடையாது. இதிலே என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் நினைக்கலாம். அவர்களுக்கு அந்த "வா"தான் எல்லாம். வீடு கூப்பிட்டால்தான் கடல் ஆளை விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. "வா" என்று சொல்லப்படாமல் போனவன் பிறகு தானாக வந்து வாசற்படி ஏறக் கூடாது. ஏறினால் உள்ளே இருப்பவருக்கு ஆகாது. சொல்ல மறந்துபோனால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வீட்டிலிருப்பவர் வாயால் சொல்ல, அதை ஒருவர் நேரே வாங்கிக்கொண்டு போய்ப் போனவரிடம் சேர்த்துவிட்டால் போதும்.

அந்த ஊரில் கொற்றி என்று ஒருத்தி. அவளுக்கு ஒரே தம்பி, சேந்தன். அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்தத் துக்கத்திலேயே அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். தம்பியைத் தூக்கிக்கொண்டே திரிந்ததில் கொற்றியின் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று ஊரில் கேலி செய்வார்கள். அவள் கோபக்காரி. ஆனால் கோபம் வந்த வேகத்தில் போய்விடும். சேந்தனுக்கு அது நன்றாகத் தெரியும். சண்டை போட்டுவிட்டு வெளியே போவான். கொஞ்ச நேரத்தில் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து, "இப்பச் சொல்லு" என்று நிற்பான். அவள் சிரித்துவிடுவாள்.

ஒரு பருவத்தில் ஊர்த் தோணியெல்லாம் போன பிறகு, கடைசித் தோணியை நடத்துகிற தண்டல் வேம்பன் சேந்தனுக்கு ஓர் இடம் கொடுத்தார். அவன் அக்காவைக் கேட்காமலே சரியென்று சொல்லிவிட்டான். கிணற்றடியில் மற்றப் பெண்கள் சொல்லித்தான் கொற்றிக்கு அது தெரிந்தது. விஷயத்தைவிட, அது தெரிந்த விதம்தான் அவளுக்குச் சுட்டது.

கிளம்பும் நாள் விடியலில் அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாவைத் தின்ன கடல்லயே போயி முங்கணுமாலே உனக்கு?"

"எல்லாரும் முங்குதாக அக்கா. நான் மட்டும் கரையில நின்னு கிளிஞ்சல் பெறக்கணுமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா விட்டிருப்பியா?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனே கஞ்சியை ஊற்றிக் குடித்தான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

"அக்கா, போயிட்டு வாரேன்."

அவள் குழலை எடுத்து அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"போயிட்டு வாரேம்லா அக்கா."

"போ" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அவன் கொஞ்சம் நின்றான். கடற்கரையில் வேம்பன் சங்கை ஊதினார். கரைக்காற்று அடிக்கும்போதே தோணி அலை உடைகிற அலைவாயைக் கடக்க வேண்டும், யாருக்காகவும் நிற்க முடியாது. காலடிச் சத்தம் விலகிப் போனது. படல் சத்தம் கேட்கும், திரும்பி வந்து "இப்பச் சொல்லு" என்பான் என்று கொற்றி காத்திருந்தாள். "போயிட்டு வா"வை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டுதான் காத்திருந்தாள். படல் சத்தம் கேட்கவில்லை.

எழுந்து ஓடினாள். அவள் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது தோணி அலைவாய்க்கு அந்தப் பக்கம் போய்விட்டது. "வாலே! சேந்தா, போயிட்டு வாலே!" என்று கத்தினாள். அதற்குள் காற்று திரும்பி, கடலிலிருந்து கரைக்கு வீசிக்கொண்டிருந்தது. அவள் சொன்ன வார்த்தை அவளைத் தாண்டி ஊருக்குள் போனதே தவிர, கடலுக்குள் போகவில்லை. கரையில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் போக இன்னொரு தோணியும் இல்லை.

தம்பி குணம் கொற்றிக்குத் தெரியும். வழக்கத்தை மீறி வீடேற அவன் துணிந்தாலும் துணிவான். ஆனால் ஏறினால் அக்காவுக்கு ஆகாது என்றிருக்கிறதே, அதற்காகவே வர மாட்டான். அவன் வீடு வந்து சேர வேண்டுமென்றால், அவள் விட்டுவிட்ட அந்த ஒரு வார்த்தை எப்படியாவது அவனிடம் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

மனிதர் போக வழியில்லை என்றதும் பறவைகளைக் கேட்டாள். முதலில் காகத்தைக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றது காகம். "எச்சிச்சோறு விழுற தூரம்தான் எனக்கு உலகம். நடுக்கடல்ல எனக்கு யாரு சோறு வைப்பா? வேற ஆளப் பாரு."

பிறகு கடலில் மீன் பிடிக்கும் ஆலாவைக் கேட்டாள்.

"கொண்டுபோவேன் தாயி. ஆனா வழியெல்லாம் மீனு. மீனைப் பாத்தா என் வாயி தானாத் திறந்துக்கிடும். உன் வார்த்தை தண்ணியில விழுந்துட்டா அப்புறம் என்னையக் குத்தம் சொல்லுவ."

இந்தப் பேச்சையெல்லாம் படலின்மேல் உட்கார்ந்து ஒரு புறா கேட்டுக்கொண்டிருந்தது. வழிப்போக்குப் புறா. முந்தின நாள் பொழுது சாய்ந்தபோது அது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

"நான் அந்தப் பக்கமாத்தான் போறேன்" என்றது அது. "ஒரு வார்த்தைதானே, குடு. போற வழியில குடுத்துட்டுப் போறேன்."

கொற்றிக்கு உயிர் வந்தது. ஆனாலும் அந்தப் "போறேன்" அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படிச் சொல்லாத. எங்க வாசல்ல நின்னு யாரும் போறேன்னு சொல்லக் கூடாது. போயிட்டு வாரேன்னு சொல்லு."

புறா சிரித்தது. "நான்தான் வர மாட்டேனே! போறவன் போறேன்னு சொன்னா போதாதா? வாரதப் பத்தி இப்ப என்னத்துக்குப் பேச்சு?"

"வராதவன் எப்படிப் போயிச் சொல்லுவான்? வந்து எங்கிட்டச் சொன்னாத்தானே, சேந்துச்சுன்னு எனக்குத் தெரியும்?"

புறாவுக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை. ஆனாலும் அழுது சிவந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுத்துப் பேச அதற்கு மனம் வரவில்லை. "சரி சரி, போயிட்டு வாரேன். போதுமா?" என்றது. உலகத்தில் எந்தப் புறாவும் அதுவரை சொல்லாத பேச்சு அது. வாய்வார்த்தையாகத்தான் சொன்னது. கொற்றி அதை அப்படியே நம்பினாள்.

அவள் புறாவைக் கையில் ஏந்தி, அதன் அலகுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தம்பிக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"வா."

புறா அதை விழுங்கியது. நெல் ஒன்று சிக்கினாற்போல் அந்த வார்த்தை தொண்டையில் போய் உட்கார்ந்தது. சூடாக இருந்தது. புறா சிறகை உதறிக்கொண்டு கிளம்பியது. அதற்கும் ஒரு "போயிட்டு வா" சொல்ல வேண்டுமென்று கொற்றி வாயெடுப்பதற்குள் அது பனைகளைத் தாண்டிப் போய்விட்டது.

பாதிக் கடலில் ஒரு திட்டு இருந்தது. அங்கேயும் சில குடிகள் இருந்தார்கள், தினை விதைத்திருந்தார்கள். புறா மேலே வந்தபோது தினைக்கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு புறாக்கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. "இறங்கு, இறங்கு" என்று அவை கூப்பிட்டன. புறா இறங்கியது. விடிந்ததும் போகலாம் என்று நினைத்தது. விடிந்தபோது தினை இன்னும் இருந்தது.

அது கெட்ட புறா இல்லை. கெட்டதாக இருந்தால் இந்தக் கதையை எனக்கு ஆத்திரத்தோடு சொல்லிவிட முடியும். பொழுது சாய்ந்த இடம்தான் வீடு என்று பிறந்த பறவை அது. மனிதர்களில் எத்தனையோ பேர் இதைவிடக் குறைந்த தினைக்கு இதைவிடப் பெரிய காரியத்தை மறந்திருக்கிறார்கள். மாலை நேரங்களில் மட்டும் தொண்டையில் என்னவோ புரளும். அது செரிக்காத தினை என்று புறா நினைத்துக்கொண்டது.

கதிர் அறுத்தார்கள். தாள் காய்ந்தது. சிந்திய மணியும் தீர்ந்தது. கூட்டம் திசைக்கொன்றாய்ப் பிரிந்த அன்றுதான், தொண்டையில் புரண்டது தினையில்லை என்று புறாவுக்கு உறைத்தது. அது பதறிக்கொண்டு கடலின்மேல் எழும்பியது. வழியில் ஆலா ஒன்று எதிரே வந்தது.

"சங்குத் தோணிகளப் பாத்தியா?"

"எல்லாம் கரைக்குப் போயி எவ்வளவோ நாளாச்சே. காத்து மாறிட்டுல்லா? கடைசித் தோணியில மட்டும் ஒரு ஆள் உக்கார்ற எடம் காலியாப் போச்சு."

புறா தீவைப் பார்த்துப் பறந்தது. அப்படி ஒரு வேகத்தில் அது அதற்கு முன்பு பறந்ததில்லை.

தீவில் கடம்பன் என்று ஒருவர் மட்டும் எப்போதும் தங்கியிருப்பார். கருவாடு காயவைத்துப் பிழைக்கிற தனியாள். அவர் மணல்மேட்டில் நின்று கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சேந்தன்னு ஒரு ஆளு, சங்கு குளிக்க வந்தவன். எங்க இருக்கான்?" என்று புறா கேட்டது.

கடம்பன் தன் காலடியில் இருந்த மண்மேட்டைக் காட்டினார். மண் இன்னும் காயவில்லை.

"தோணியெல்லாம் கிளம்புனப்ப இவன் ஏறல. தண்டல் கையைப் புடிச்சுக் கெஞ்சுனாரு. அக்கா வான்னு சொல்லல மாமா, நான் எப்படி வரன்னான். உன்னையத் தூக்கிட்டுப் போறேன்னாரு. என்னையத் தூக்கலாம், வார்த்தைய எங்கேருந்து தூக்குவீகன்னு கேட்டான். ரெண்டு கண்ணும் நெறைஞ்சு தோணிய எடுத்தாரு."

"அப்புறம்?"

"தெனமும் சாயங்காலம் இந்த மேட்டுல வந்து உக்காருவான், ஊர் இருக்குற பக்கம் பாத்து. எங்கக்காவுக்குக் கோவம் நிக்காது, சொல்லி அனுப்புவா, யார்கிட்டயாவது சொல்லி அனுப்புவான்னு சொல்லுவான். மழை புடிச்சப்ப காய்ச்சல் கண்டுட்டு. அதுலயும் எந்திரிச்சு வந்து உக்காந்தான். உள்ள வந்து படுடான்னு திட்டுனேன். சொல்லி அனுப்புன ஆளு வந்து தேடுமேன்னான்."

புறா மண்மேட்டின்மேல் போய் நின்றது. அலகை மண்ணில் வைத்து, "வா" என்றது.

மண் என்ன சொல்லும்? வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் அந்த வார்த்தை திரும்பிப் புறாவின் தொண்டைக்குள்ளேயே போய்விட்டது. புறா மறுபடியும் சொன்னது. மறுபடியும் அது திரும்பியது. பொழுது சாயும்வரை சொல்லிக்கொண்டே இருந்தது. கடம்பன் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவருக்குத் தாங்கவில்லை.

"போதும், விடு. வாங்க ஆளில்லாததக் கொடுத்தவகிட்டதான் கொண்டுபோயிச் சேக்கணும். திரும்பிப் போ."

"எனக்குத் திரும்பிப் போகத் தெரியாதே" என்றது புறா. தன் வாழ்நாளில் முதல்முறையாக அதற்கு அது ஒரு குறையாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் அது மேலே எழும்பியது. கீழே தீவு, சுற்றிலும் கடல். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே நீலம். எந்த வழியாக வந்தோம் என்று அது எந்தக் காலத்தில் பார்த்து வைத்தது, இப்போது நினைவுக்கு வர? தீவின்மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்றுச் சுற்றியது. அப்படிச் சுற்றும்போது, ஒரு பக்கம் திரும்பிய நொடியில் மட்டும் தொண்டையில் இருந்த வார்த்தை சூடேறித் துடித்தது. அந்தத் திசையைத் தாண்டியதும் அடங்கியது. மறுபடி அந்தப் பக்கம் திரும்பியபோது மறுபடி துடித்தது. அந்த வார்த்தைக்குத் தான் பிறந்த வாய் இருக்கும் திசை தெரிந்திருந்தது. புறா அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பறந்தது. திட்டின்மேல் போகும்போது வேறு ஒரு புறாக்கூட்டம் கீழேயிருந்து "இறங்கு" என்று கூப்பிட்டது. பொழுது சாய்ந்துகொண்டுதான் இருந்தது. அது இறங்கவில்லை.

இங்கே ஊரில் வேம்பன் திரும்பி வந்த அன்றே கொற்றியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை.

"நான் சொல்லி அனுப்பிட்டேன் மாமா. புறா போயிருக்கு. சேந்துரும். காத்துத் திரும்புனதும் அவனக் கூட்டியாந்துருங்க."

"புறாவையா நம்புன? தாயி, அது திரும்பி வாராத பறவைல்லா!"

"போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் போச்சு."

வருகிறேன் என்று சொன்ன புறா வந்தால் இருக்க இடம் வேண்டுமே என்று, ஒரு பானையை வாய் பக்கவாட்டில் இருக்கும்படி கூரை இறவாரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். உள்ளே வைக்கோல் போட்டாள். பக்கத்தில் கம்பும் தண்ணீரும் வைத்தாள். ஊரார் பரிதாபப்பட்டார்கள். அக்கா தம்பி இரண்டு பேருக்குமே கொஞ்சம் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு பிற்பகலில் புறா வந்து முற்றத்தில் விழுந்தது. இறங்கியது என்று சொல்ல முடியாது, விழத்தான் செய்தது. கொற்றி ஓடிவந்து அதைத் தூக்கினாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் கூடினார்கள். வேம்பனும் வந்தார்.

"சொன்னியா? என் தம்பிகிட்டச் சொன்னியா?"

"மண்ணுகிட்டத்தான் சொன்னேன்" என்றது புறா. "நான் போறதுக்குள்ள அவன் மண்ணுக்குப் போயிட்டான்."

கொற்றி மெல்லிய குரலில் கேட்டாள்.

"ரொம்ப மெலிஞ்சிருந்தானாமா?"

"நான் பாக்கல. பாத்தவரு சொன்னாரு, கடைசி வரைக்கும் நீ சொல்லி அனுப்புவன்னுதான் இருந்தானாம்."

"ஏன் பிந்திட்ட?"

புறா பொய் சொல்லியிருக்கலாம். புயல் என்று சொல்லியிருக்கலாம், பருந்து என்று சொல்லியிருக்கலாம். அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "வழியில தினை விளைஞ்சிருந்துச்சு" என்றது.

அந்த ஒரு வரியைக் கேட்டதும் வேம்பன் முன்னால் வந்தார். "குடு தாயி அத. கழுத்தத் திருகிப் போட்டுருதேன்" என்று கையை நீட்டினார்.

"திருகட்டும்" என்றது புறா. "அதுக்கு முந்தி உன் வார்த்தைய வாங்கிக்க. சேக்க முடியல. வச்சிருக்கவும் முடியல. சுடுது."

கொற்றி தலையை ஆட்டினாள். "வாங்க மாட்டேன். அத நான் திரும்ப வாங்கிட்டா, சொல்லவே சொல்லாதது மாதிரி ஆயிரும். என் தம்பிக்குச் சொன்ன வார்த்தை அது. சொன்னதாவே இருக்கட்டும். நீயே வச்சுக்க."

இதைச் சொல்லும்வரை தாங்கியவள் அதற்குப் பிறகு உடைந்தாள். தம்பி பேரைச் சொல்லி அவள் போட்ட சத்தத்தில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். அழுகைக்கு நடுவில் கையில் இருந்த புறாவைப் பார்த்தாள். தினை தின்ற அந்த அலகைப் பார்த்தாள். வயிற்றிலிருந்து கோபம் எழும்பி வாய்க்கு வந்தது.

"போ—"

அவளுடைய குரல் அவளுக்கே கேட்டது. அன்றைக்கு அடுப்பின் முன்னால் கேட்ட அதே குரல். புறா அதற்குத் தயாராகத்தான் இருந்தது. அது சிறகை விரித்துவிட்டது. இனி எந்த முற்றத்திலும் தனக்கு இடமில்லை என்று அதற்குத் தெரியும். வேம்பனும் மற்றவர்களும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் அந்தச் சொல்லை அத்தோடு விட்டிருந்தால் அவளைக் குறை சொல்ல ஒரு ஆள் அங்கே இல்லை.

கொற்றி பல்லைக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தம்பிக்குச் சொல்லாமல் விட்ட மீதியை, அவனை இழக்க வைத்த அந்தப் பறவைக்குச் சொன்னாள்.

"—யிட்டு வா."

புறாவுக்கு யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. அந்த இனத்தில் ஒரு பறவைக்கும் யாரும் சொன்னதில்லை. அது என்னவோ பதில் சொல்லப் பார்த்தது. பேச்சு வரவில்லை. கொற்றி திரும்ப வாங்க மறுத்த அந்த வார்த்தை தொண்டையை முழுக்க அடைத்துக்கொண்டு, மற்ற வார்த்தைகளுக்கு அங்கே இடமில்லாமல் போயிருந்தது. அடித்தொண்டையில் ஒரு முனகல் மட்டும்தான் வந்தது. அது மேலே எழும்பி, வீட்டைச் சுற்றி வட்டமடித்தது. பனை உயரம் போனது, அலைவாய்வரை போனது. பொழுது சாய்வதற்கு முன் திரும்பி வந்து, இறவாரத்துப் பானைக்குள் நுழைந்துகொண்டது.

அதன் குஞ்சுகள் அந்தப் பானையில்தான் பொரிந்தன. கொற்றி அவற்றுக்குப் பானைமேல் பானையாகக் கட்டினாள். சிறகு முளைத்ததும் ஓலைப்பெட்டியில் வைத்துக் கரைக்குக் கொண்டுபோய் விடுவாள். பிறகு அலைவாய்க்கு அப்பால். பிறகு மீன் பிடிக்கப் போகிறவர்களிடம் கொடுத்து, கரை கண்ணுக்கு மறையும் இடத்தில். ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறக்கும் முன் "போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும், மறந்தால் விடக் கூடாது என்று அவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவாள். எல்லாம் வந்து சேர்ந்தன.

அடுத்த பருவத்தில் தோணிகள் கிளம்பியபோது, ஒவ்வொரு தோணியிலும் அவள் ஒரு பெட்டிப் புறா ஏற்றினாள்.

"எதுக்கு தாயி இது?" என்று வேம்பன் கேட்டார்.

"வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தவன் ஒருத்தன் எப்பவும் இருப்பான் மாமா. அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாக. அவன் பக்கத்துல இந்தப் பெட்டிய வையுங்க. அவனுக்கு வேண்டியத அது சொல்லிக்கிட்டே இருக்கும். திறந்து விட்டீகன்னா, அவன் உசிரோட இருக்கான்னு இங்க வந்து காட்டும்."

வேம்பன் பெட்டியைக் காதருகில் வைத்துப் பார்த்தார். உள்ளே இருட்டில் அந்த அடித்தொண்டை முனகல் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. கேட்கக் கேட்க அது ஒரே வார்த்தையாகத்தான் இருந்தது. அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் தோணியை எடுத்தார். அந்த ஊரிலிருந்து அதற்குப் பிறகு யாரும் "வா" இல்லாமல் கடலுக்குப் போனதில்லை.

அன்று முதல்தான், எத்தனை தொலைவில் கொண்டுபோய்த் திறந்து விட்டாலும் புறா மேலே எழுந்து சுற்றிச் சுற்றித் தொண்டை சுடுகிற திசையைத் தேடிப் பிடித்து, விளைந்து கிடக்கும் வயல்களையெல்லாம் தாண்டி வீடு வந்து சேர்கிறது. வந்த பிறகும் கூரையில் உட்கார்ந்துகொண்டு, வாங்க ஆளில்லாமல் போன அந்த ஒரு வார்த்தையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.